புள்ளி வைக்காத இடம்

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணி என் முதுகுப்பையை வாங்கி இரண்டு கையாலும் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். "பதினாலு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி," என்றாள். பிறகுதான், "உள்ள வா, ஊர்சுத்தி," என்றாள். அன்று மாலை வீட்டிலிருந்த பழைய தராசில் பையை வைத்துப் பார்த்தோம். பதிமூன்று கிலோ எண்ணூற்றைம்பது கிராம். வேறு யாராக இருந்தாலும் மார்தட்டிக்கொண்டிருப்பார்கள். அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. "இவ்வளவு கிட்ட வருதுன்னா தராசு என் கைக்குத் தகுந்த மாதிரி பழகிடுச்சோ என்னவோ," என்று தராசைத் திருப்பிப்போட்டுத் திருகுகளைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி தராசு பழுது பார்ப்பவள். மளிகைக் கடைத் தராசு, தபால் நிலையத் தராசு, பிறந்த குழந்தையை நிறுக்கும் தொட்டில் தராசு, நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்குமே அந்தத் தராசு, எது மக்கர் பண்ணினாலும் அவள் மேசைக்கு வந்துவிடும். பத்தொன்பது வயதில் அந்தப் பட்டறைக்கு ரசீது எழுதப் போனவள். எழுதின நேரம் போக மீதி நேரத்தில் திருப்புளியைப் பிடித்தாள். இப்போது நாற்பத்திரண்டு. அரசாங்க முத்திரை வைத்த எடைக்கற்கள் இருக்கும் பெட்டியைத் திறக்கப் பட்டறையில் அவளுக்கு மட்டும்தான் அனுமதி. வீட்டிலும் அதே மாதிரி ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறாள். கடைக்குப் போனால் தராசின் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தக்காளியின் பக்கமே திரும்புவாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பட்டறைக்கு ஒரு புதுமாதிரிச் சாமானைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட். பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாக எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுழன்று, ஒரே நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய இயந்திரம். மோட்டார் இறுகிப்போயிருந்தது. "பல்சக்கரம்தானே, பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். அண்ணி பிரித்து, துடைத்து, மசகு போட்டுப் பூட்டினாள். ஆனால் சரியாகச் சுற்றுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதைவிட நிதானமாக நகரும் பொருள் பட்டறையில் எதுவும் இல்லை. மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், ஒரு கேமராவை மாட்டி, ஏதோ ஒரு நட்சத்திரத்தை மூன்று நிமிடம் படம் எடுத்தாள். புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் அரிசி மாதிரி நீண்டு விழுந்தது. அது புள்ளியாகும்வரை ஒன்பது ராத்திரி விடவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்கள் மவுண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது அவளால் மாடியில் சும்மா நிற்க முடியவில்லை. அந்த வருடமே சொந்தமாக ஒன்று வந்துவிட்டது. அண்ணன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். "எனக்கு ரெண்டு ஷிப்டு. உன் அண்ணிக்கு மூணு," என்பான்.

நான் வந்து சேர்ந்தபோது அண்ணி சரியாகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம் ஒரு புருவம். அந்தக் கதை எனக்கு மறுநாள்தான் தெரியவந்தது. ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தூரத்து வானத்தைப் படம் எடுப்பவர்கள் ஒரே படத்தோடு நிறுத்துவதில்லை. மூன்று மூன்று நிமிடமாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்க அடுக்கப் படத்தில் பொரிபொரியாகத் தெரியும் பிசிறு அடங்கி, மங்கலானது துலங்கும். ஆனால் கூடவே தெருவிளக்கின் வெளிச்சமும் ஒரு பக்கமாகப் புகை மாதிரி ஏறியிருக்கும். அதைக் கழிக்க ஒரு வழி உண்டு. படத்தில் ஒன்றுமே இல்லாத வெற்று வானமாகப் பார்த்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் இருப்பது முழுக்கத் தெருவிளக்கின் வெளிச்சம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, படம் முழுவதும் அது எப்படிப் பரவியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடும்.

அண்ணி இரண்டு மாதம் ஒரு விண்மீன் கூட்டத்தை, அதாவது ஒரு கேலக்ஸியை, எடுத்தாள். படத்தில் அது பாதி மூடிய கண் மாதிரி சாய்ந்து கிடக்கும். நாற்பத்துமூன்று மணி நேரப் படங்களை அடுக்கி, வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தபோது கண்ணுக்கு மேலே மெல்லிசாக ஒரு வளைவு தெரிந்தது. பெரிய விண்மீன் கூட்டம் சின்னது ஒன்றை விழுங்கும்போது சிதறும் நட்சத்திரங்கள் அப்படி வளைந்து கிடப்பதுண்டு. தன்னைப் போன்ற அறுபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள். குழுவை நடத்துபவர் ஒரு மருந்துக்கடைக்காரர். எந்தப் பட்டியலிலும் இப்படி ஒரு வளைவு இல்லை என்று அவர் எழுதினார். அன்று ராத்திரிக்குள் அதற்குப் புருவம் என்று பெயர் விழுந்துவிட்டது.

நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பஸ் டிரைவரும் குழுவில் உண்டு. அவருக்கு அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் லீவு கிடைப்பது வருடத்துக்கு ஒரு தடவை. அந்த லீவைப் புருவத்துக்கே கொடுத்துவிடுவதாகவும், வியாழக்கிழமை விடியற்காலையில் மலைக்குக் கிளம்புவதாகவும், ஆறு ராத்திரியும் அது ஒன்றையே எடுக்கப்போவதாகவும் அவர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். அன்றுதான் அண்ணிக்குத் தூக்கம் போனது. அங்கே புருவமே இல்லையென்றால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"ஊர்சுத்தி, ஒரு வேலை இருக்கு. கேள்வி கேக்கக்கூடாது."

"சாப்பாடு?"

"முடிச்சா உண்டு."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம். உப்பு இறைத்த மாதிரி நட்சத்திரங்கள், நடுவில் சாய்ந்த கண், வலது மேல் மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு மூட்டம். வெறும் இடமாகப் பார்த்து நாற்பது புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்துக்கொண்டே போனேன். கண்ணுக்கு மேலே சுட்டி நகர்ந்தபோது எனக்குப் பின்னால் மூச்சு நின்றது.

"ஏன் அண்ணி மூச்சைப் பிடிக்கறீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்?"

"அப்ப வீட்ல வேற யாரோ இருக்காங்க."

தான் நின்றால் எனக்குக் குறிப்பு கொடுத்த மாதிரி ஆகும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. முடித்துவிட்டேன் என்றதும் வந்து பொத்தானை அழுத்தினாள். மூட்டம் மறைந்தது. கண் பளிச்சென்று தெரிந்தது. மேலே ஒன்றும் இல்லை.

அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, குழுவில் போட்ட படத்தையும் அதற்குத் தான் வைத்த புள்ளிகளையும் காட்டினாள். நூற்று நாற்பது புள்ளிகள். கண்ணுக்கு மேலே மட்டும் இரண்டு வரிசையாக, வயலுக்கு வரப்புக் கட்டினது போல நெருக்கமாக இருந்தன. நடுவில் ஒரு வளைவான இடைவெளி.

"முதல் நாள் அடுக்கினப்ப அங்க ஏதோ மினுக்குன மாதிரி இருந்துச்சு. இருந்தா அழிஞ்சிடக் கூடாதேன்னு அந்த இடத்தை விட்டுட்டு வச்சேன். புள்ளி இல்லாததால அங்க தெருவிளக்கு வெளிச்சமே சரியா கழியாம மிஞ்சியிருக்கலாம்."

"அப்ப புருவத்தை நீங்கதான் எழுதியிருக்கீங்க. மை பென்சில் இல்லாம."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்படியும் சொல்ல முடியல," என்றாள். "நீ வச்சதுல மூணு புள்ளி அது மேலயே விழுந்திருக்கு. நிஜமாவே அங்க ஏதாவது இருந்தாலும் அந்த மூணு புள்ளியும் அதைத் தெருவிளக்குன்னு சொல்லித் துடைச்சிருக்கும். நான் வச்சா வருது, நீ வச்சா போகுது. இதுல எது சரியான எடை?"

"புள்ளியே வைக்காம பார்த்தா?"

"பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சம் சரியா அந்தப் பக்கத்துலதான் ஏறியிருக்கு. எது எதோட வெளிச்சம்னு பிரிக்க முடியல."

அவள் எப்போதும் அந்த விண்மீன் கூட்டம் கிழக்கே ஏறும்போது மட்டுமே எடுத்திருக்கிறாள். காலையில் வேலைக்குப் போக வேண்டும். அது உச்சியைத் தாண்டி மேற்கே சாயும்போது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி வேறு மறைத்துவிடும். மேற்கே இருக்கும்போது எடுத்தால் தெருவிளக்கின் மூட்டம் கண்ணுக்கு வேறு பக்கமாக விழும். புருவம் நிஜமென்றால் கண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் நிற்காது. அதற்கு மவுண்டை மாடியின் அடுத்த மூலைக்கு மாற்ற வேண்டும். வியாழக்கிழமைக்குள் மூன்று ராத்திரி இருந்தது.

"டிரைவர்கிட்ட சந்தேகமா இருக்குன்னு இப்பவே சொல்லிடலாமே அண்ணி."

"சந்தேகம்னு சொன்னா, போகவா வேண்டாமான்னு என்னையே கேப்பாரு. நான் என்ன சொல்றது? போகாதீங்கன்னு சொல்லி அது நிஜமா இருந்துட்டா?"

அன்று ராத்திரியும் திங்கட்கிழமையும் வானம் மூடிக்கொண்டது. திங்களன்று பட்டறையிலிருந்து நான்கு தடவை போன் பண்ணினாள். "மேகம் எந்தப் பக்கம் நகருது?" "நகரல அண்ணி, குடியேறிடுச்சு." "கிண்டல் பண்ணாத. வடக்க கொஞ்சமாவது நீலம் தெரியுதா?" நான் மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தேன். நாலு நாள் ஒரே இடத்தில் இருந்தாலே எனக்குக் கால் அரிக்கும். ஆனால் அந்த வாரம் ரயில் நேரம் எதையும் நான் தேடிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்று திரும்பி, எட்டு மணிக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டது போல ஆனது. மவுண்டைப் பிரித்து, மூலைக்கு மாற்றி, அதன் அச்சைத் துருவத்துக்கு நேராக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒரு திருகை மயிரிழை திருப்புவாள், கேமராவில் பார்ப்பாள், மறுபடி திருப்புவாள். வழக்கமாகக் கேபிள்கள் ஒரு பக்கமாகக் கொத்தாகத் தொங்கும். அந்தப் பக்கம் கால் தடுக்கக் கூடாதென்று அன்று எல்லாவற்றையும் ஒட்டினாற்போல் இழுத்துக் கட்டினாள். பிறகு தொலைநோக்கியையும் எதிர்ப்பக்கத்து இரும்புக் குண்டையும் சமன் செய்தாள். அதைப் பார்க்க வேண்டும். குண்டைத் தண்டில் ஒரு நூல் அளவு தள்ளிவிட்டுக் கையை எடுப்பாள். எந்தச் சாய்வில் விட்டாலும் அது அப்படியே நிற்க வேண்டும். நின்றது. ஊதினால் நகரும், விட்டால் நிற்கும். இருபத்துமூன்று வருடத் தொழில்.

நடுராத்திரி கழிந்து விண்மீன் கூட்டம் உச்சியைத் தாண்டியது. முதல் படம் வந்தது. நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் நடுங்கி, இரண்டு தலையோடு இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அச்சை மறுபடி பார்த்தாள், சரியாக இருந்தது. சமனைப் பார்த்தாள், அப்பழுக்கில்லை. ஒரு மணிக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு ராத்திரிக் கடை. போன் போட்டாள். எதற்காக எடுக்கிறாள் என்று சொல்லவில்லை. நடுக்கத்தை மட்டும் சொன்னாள்.

"எப்படி சமன் பண்ணீங்க?" என்று ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"துல்லியமா."

"அதான் தப்பு."

அண்ணி போனை ஒரு முறை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிட்டே வைத்தாள்.

"பல்சக்கரத்துக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கும்மா. துல்லியமா சமன் பண்ணா எந்தப் பல்லு மேலயும் பாரம் இருக்காது. அந்த இடைவெளிக்குள்ள இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கும். கிழக்குப் பக்கம் ஒரு சிட்டிகை கனமா விடுங்க. மோட்டார் எப்பவும் எதையாவது தூக்கிக்கிட்டே இருக்கணும்."

"இத்தனை நாள் ஆடலையே."

"இத்தனை நாள் எங்கேயாவது கேபிள் இழுத்துக்கிட்டு இருந்திருக்கும்."

போனை வைத்துவிட்டு அண்ணி இரும்புக் குண்டைப் பார்த்தாள். தராசைக் கோணலாக வை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"நான் தள்ளட்டுமா?" என்று குண்டின் பக்கம் போனேன்.

"அதைத் தொடாத. அது சரியா இருக்கு. இன்னொண்ணைச் சேர்த்துக் கட்டலாம்."

"உங்க பெட்டியிலேருந்து இருநூறு கிராம் கல்லு எடுத்துட்டு வரவா?"

"முத்திரைக் கல்லையா?" என்றாள், நான் வீட்டைக் கொளுத்தவா என்று கேட்டுவிட்டதைப் போல. கடைசியில் மாடிக் கதவின் பூட்டைக் கழற்றிக் கிழக்குப் பக்கமாகத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். அடுத்த படத்தில் நட்சத்திரங்கள் ஊசி குத்தின மாதிரி இருந்தன. அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. விடியும்வரை பூட்டு ஆடுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே கால் வரைக்கும் அறுபத்தோரு படங்கள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டாள். பட்டறையில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். படங்களை அடுக்கினாள். புள்ளி எதுவும் வைக்கவில்லை. வெளிச்சத்தைக் கழிக்கவும் இல்லை. புருவம் இருக்க வேண்டிய வளைவில் இருபது இடத்திலும், அதற்கு மேலே இருபது, கீழே இருபது இடத்திலும் வெளிச்சத்தின் எண்ணை வாசித்தாள். நான் காகிதத்தில் மூன்று பத்தியாக எழுதினேன். பிறகு என்னை வாசிக்கச் சொல்லி அவள் எழுதினாள். காது கேட்பதைக் கை மாற்றிவிடும் என்று பயம்.

மேலே நானூற்றெட்டு, நடுவில் நானூற்றுப் பத்து, கீழே நானூற்றுப் பன்னிரண்டு. அடுத்த இடத்திலும் அதே சரிவு. அதற்கடுத்த இடத்திலும் அதேதான். தெருவிளக்கின் மூட்டம் இப்போது கீழ்ப்பக்கமாகப் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. நடுப் பத்தி எங்கேயும் ஒரு எண்கூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. நாற்பத்துமூன்று மணி நேரத்தில் அத்தனை அழுத்தமாகத் தெரிந்த வளைவு மூன்று மணி நேரத்தில் லேசாகவாவது தெரிந்திருக்க வேண்டும். அண்ணி அந்தக் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவன் கை கழுவிக்கொண்டே யோசித்தான்.

"இப்ப எதுக்கு நீயா போய்ச் சொல்லணும்? அவர் போய் எடுக்கட்டும். இல்லேன்னா அவர் படத்துல தெரியப்போகுது. அப்ப, அப்படியான்னு கேட்டுக்கலாம்."

"ஆறு ராத்திரிங்க."

"மலைக் காத்துதானே. உடம்புக்கு நல்லது."

"அவர் ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்த லீவு."

"அறுபது பேர் முன்னாடி உனக்குத்தான் அசிங்கம். அதுக்குத்தான் சொல்றேன்."

"அதனாலதான் எனக்கும் அந்த யோசனை வந்துச்சு. ஞாயித்துக்கிழமையே வந்துச்சு," என்றாள் அண்ணி.

போனை மேசை நடுவில் வைத்து டிரைவரைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"வணக்கம் மேடம். நானே கூப்பிடணும்னு இருந்தேன். வண்டியில எல்லாம் ஏத்தியாச்சு," என்றார் டிரைவர். தளராத, சிரிப்புக் கலந்த குரல்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன் மேடம். போன வாரம் வீட்டு மாடியிலேருந்து ரெண்டு ராத்திரி ஒத்திகை பார்த்தேன். புருவம் வந்திருக்கு. மங்கல்தான், ஆனா வந்திருக்கு. குரூப்புல போடல. மலையில எடுத்ததோட சேர்த்துப் பெரிசாப் போடலாம்னு வச்சிருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். எனக்கும் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இரண்டு ஊர், இரண்டு தொலைநோக்கி, ஒரே வளைவு. நாங்கள்தான் எங்கேயோ தப்பாக எண்ணியிருக்கிறோம். மூன்று மணி நேரப் படம் எதற்குப் போதும்? அண்ணியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "சந்தோஷம், பத்திரமா போயிட்டு வாங்க," என்று சொல்லி அவள் போனை வைத்திருந்தால் நானும் அண்ணனும் அதை நம்பியிருப்போம்.

அவள் காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் படத்துல புள்ளியெல்லாம் எப்படி வச்சீங்க?" என்றாள்.

"உங்க படத்தைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டேன் மேடம். புருவம் எங்க வரணும்னு பார்த்து, அது மேல படாம ரெண்டு பக்கமும் நெருக்கமா வச்சேன். நீங்கதானே குரூப்புல சொன்னீங்க, மங்கலான இடத்துல புள்ளி வச்சுடாதீங்க, அழிஞ்சிடும்னு."

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள்.

"இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஒரு வேலை பண்ணுங்க. புருவத்துப் பக்கத்தை அப்படியே விடுங்க. கண்ணுக்குக் கீழ, ஒண்ணுமே இல்லாத இடத்துல, அதே மாதிரி வளைவா ஒரு இடைவெளி விட்டு ரெண்டு பக்கமும் புள்ளி வைங்க."

"கீழயா? கீழ எதுக்கு?"

"வச்சுப் பாருங்க."

சொடுக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டது. அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான், அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு சொடுக்கும் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது வரைக்கும் கேட்டது.

"மேடம்," என்றார் டிரைவர். குரல் வேறாக இருந்தது. "கீழ மீசை வந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"மேல இருக்கறதும் அப்படி வந்ததுதான்," என்றாள் அண்ணி. "நான் இடம் விட்டேன், வந்துச்சு. என்னைப் பார்த்து நீங்க விட்டீங்க, உங்களுக்கும் வந்துச்சு. நேத்து ராத்திரி மேற்குப் பக்கம் இருக்கும்போது எடுத்துப் பார்த்துட்டேன். அங்க ஒண்ணும் இல்ல. மூணு வாரமா எனக்குச் சந்தேகம்தான். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கலாம்," என்றார் அவர். கோபம்தான். அதை அவர் மறைக்கவில்லை. "வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். என் பொண்ணு ஸ்கூல்ல போய்ச் சொல்லியிருக்கா."

"ஆமா."

"வெறுமனே ஆமான்னா?"

"தப்பு என்னோடது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள குரூப்புல எழுதிடறேன். உங்களைப் பத்தி அதுல வராது."

அவர் மூச்சை விட்டார். "வரட்டும். என் மீசைப் படத்தையும் சேர்த்தே போடுங்க. உங்களோடது மட்டும்னா எவனும் நம்ப மாட்டான், தன்னடக்கம்னு சொல்லுவான்." பிறகு, "லீவு சொல்லியாச்சு, வண்டியும் ஏத்தியாச்சு. அப்ப மலையில நான் எதைத்தான் எடுக்கறது?" என்றார்.

"உங்க இஷ்டம். அதையே எடுத்தாலும் சரி. என் படத்தை மட்டும் பக்கத்துல திறந்து வச்சுக்காதீங்க."

அவர் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் மீசைப் படம் வந்தது.

எழுத அண்ணிக்கு ஒரு மணி நேரம் ஆனது. எட்டு வரிதான். புருவம் என்று நான் காட்டியது வானத்தில் இல்லை, நான் புள்ளி வைக்காமல் விட்ட இடம் அது என்று தொடங்கியது. வைத்த புள்ளிகளின் படம், மேற்கே எடுத்த எண்கள், டிரைவரின் மீசை எல்லாவற்றையும் சேர்த்தாள். மங்கலான இடத்தில் புள்ளி வைக்காதீர்கள் என்று தான் முன்பு சொன்னதைக் கேட்டு யாராவது இடம் விட்டிருந்தால் தனக்குத் தெரிவிக்கும்படி கடைசியில் ஒரு வரி. அண்ணன் எட்டிப் பார்த்து, "கடைசி வரி வேண்டாம். எதுக்கு வலிய வாங்கிக் கட்டிக்கற?" என்றான். அவள் எடுக்கவில்லை. அனுப்பினாள்.

மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. அண்ணி போனைக் கையில் எடுக்காமல், இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதியது வருவதற்கு முன்னால் வேறொரு எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. குழுவில் அதுவரை வாயே திறக்காத ஒரு டீச்சர்.

"எனக்கும் புருவம் வந்தது. போன மாதமே. உங்களைவிடப் பெரிசாக வந்ததால் போடக் கூச்சமாக இருந்தது."

அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் நான்கு ராத்திரி செலவழித்திருந்தார், இன்னொருவர் ஏழு. எனக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது. "பாருங்க, நீங்க மட்டும் இல்ல," என்றேன்.

"அதுதானே பயம்," என்றாள் அண்ணி. நாற்காலியை இழுத்து லேப்டாப்பைத் திறந்தாள். டீச்சருக்கு எழுத ஆரம்பித்தாள். வணக்கம், உங்கள் படத்தில் புள்ளிகளை எங்கெங்கே வைத்தீர்கள் என்று காட்ட முடியுமா.